விரலை ஆட்டிப் பார்ப்பதெல்லாம் ஒரு பரிசோதனையா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவருக்கு வயது 54. அரசுப் பேருந்து ஓட்டுநர். 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடுகிறார். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு காலையில், தெருமுனையில் வந்த பஸ் அவருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டாகத் தெரிந்திருக்கிறது. மறுநாளே கண் மருத்துவரிடம் போயிருக்கிறார்கள். எழுத்துப் பலகையில் இரண்டு கண்களிலும் 6/6, அதாவது குறையில்லாத பார்வை. பிறகு மருத்துவர் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, “எத்தனை விரல்?” என்று கேட்டிருக்கிறார். ஒரு பேனாவை இங்கும் அங்கும் நகர்த்தித் தொடர்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார், சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்த்திருக்கிறார். “வலது கண்ணின் ஆறாவது நரம்பு சோர்ந்திருக்கிறது. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வையுங்கள், பெரும்பாலும் மூன்று மாதத்தில் சரியாகும், வண்டி ஓட்டாதீர்கள், ஒரு மாதம் கழித்து வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார்.

வாசகிக்கு ஆற்றாமை. ஒரு கருவியில்கூட உட்கார வைக்கவில்லை, விரலை ஆட்டிப் பார்ப்பதெல்லாம் ஒரு பரிசோதனையா என்று கேட்கிறார். பார்வை 6/6 என்றால் எப்படி இரண்டாகத் தெரியும்? ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் எம்ஆர்ஐ எடுத்தே தீரவேண்டும் என்கிறான். வலது கண்ணுக்குப் பயிற்சி கிடைக்கட்டும் என்று உறவினர் சொன்னதைக் கேட்டு, முதல் நாளிலிருந்தே நல்ல இடது கண்ணை மூடிக் கட்டியிருக்கிறார்கள். படிக்கும்போது மட்டும் இரண்டாகத் தெரிவதில்லை என்பதால் கட்டை அவிழ்த்துவிடுவாராம். டிப்போவில் விஷயத்தைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். கடைசியாக, முகவரிக்கு மேலே இரண்டு வரிகள்: “ஐந்து நாட்களாக இடது பக்கக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார். பேப்பர் படிக்கும்போது வரியின் ஆரம்பத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்து படிக்கிறார். இடது கண்ணும் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.”

சகோதரி,

அந்தக் கடைசி இரண்டு வரிகளைப் படித்த உடனே உங்களைத் தொலைபேசியில் அழைத்து, கணவரை அன்றே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொன்னேன். தாமதிக்காமல் போனீர்கள். அங்கே தெரியவந்தது உங்கள் குடும்பத்துக்கும் அங்குள்ள மருத்துவர்களுக்கும் உரியது, அதை இங்கே எழுதப் போவதில்லை. ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்பதையும் உங்கள் மற்ற கேள்விகளுக்கான பதிலையும் உங்கள் அனுமதியோடு எழுதுகிறேன். இதே நிலையில் வேறு குடும்பங்களும் இருக்கலாம்.

முதலில் எழுதிய தொந்தரவும் கடைசியில் எழுதிய தொந்தரவும் ஒன்றல்ல. இரண்டாகத் தெரிவது கண்ணின் அசைவு சார்ந்தது. இடது பக்கம் இடித்துக்கொள்வது பார்வையின் பரப்பு சார்ந்தது. இரண்டும் வெவ்வேறு இடங்களில் நிகழ்கின்றன. நீங்கள் குறைத்து மதிப்பிட்ட அந்த விரல் பரிசோதனைதான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

விரல்களை எண்ணச் சொன்னது எதற்கு?

பலகையில் எழுத்துகளைப் படிக்கும்போது நாம் பயன்படுத்துவது விழித்திரையின் நடுவில் உள்ள மிகச் சிறிய பகுதியைத்தான். 6/6 என்பது அந்த நடுப்பகுதிக்குக் கிடைத்த மதிப்பெண். சுற்றிலும் உள்ள பரப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கண், வெளிப்பக்கமாக 90 பாகைக்குச் சற்று மேலும், மூக்குப் பக்கமாகவும் மேலேயும் சுமார் 60 பாகையும், கீழே 70 பாகைக்குச் சற்று மேலும் உணர்கிறது. இதைத்தான் பார்வைப் புலம் என்கிறோம். புலத்தில் பாதி போனவர்கூட 6/6 படித்துவிட்டு எழுந்து போகலாம்.

அந்த மருத்துவர் செய்தது எதிரெதிர் அமர்ந்து செய்யும் புலச் சோதனை. ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்தில், கண்கள் ஒரே மட்டத்தில் இருக்கும்படி உட்கார வேண்டும். நோயாளி இடது கண்ணை மூடினால் மருத்துவர் தன் வலது கண்ணை மூடிக்கொள்வார். இப்போது இருவரின் புலமும் ஏறத்தாழ ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும். மருத்துவர் தன் புலத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, இருவருக்கும் நடுவே, நான்கு மூலைகளிலும் ஒன்று, இரண்டு அல்லது ஐந்து விரல்களைக் காட்டிக் கேட்பார். நோயாளியின் பார்வை மருத்துவரின் கண்ணை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் எதிரே இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். கவனமாகச் செய்பவர்கள் இதோடு நிறுத்துவதில்லை. இரண்டு கைகளையும் இரு பக்கமும் நீட்டி, விரல்களை ஒரே நேரத்தில் அசைத்துக் கேட்பார்கள். தனித்தனியாகக் காட்டும்போது இரு பக்கமும் தெரிந்து, சேர்த்துக் காட்டும்போது மட்டும் ஒரு பக்கம் தவறினால், மூளை அந்தப் பக்கத்தைக் கவனிக்காமல் விடுகிறது என்று பொருள். சிவப்புத் தலை கொண்ட குண்டூசியை நகர்த்தி, எங்கே நிறம் மங்குகிறது என்றும் கேட்பார்கள்.

இதற்கு எல்லை உண்டு. ஆரம்ப நிலைக் குளுக்கோமாவில் விழும் சிறிய குறைகளை விரல்கள் காட்டாது, அதற்குக் கருவியில் செய்யும் ஃபீல்டு டெஸ்ட்தான் வேண்டும். ஆனால் பாதிப் புலமோ கால் புலமோ போயிருந்தால் அதைக் கண்டுபிடிக்கச் சரியாகச் செய்யப்பட்ட விரல் சோதனை பெரும்பாலும் போதும். படுக்கையை விட்டு எழ முடியாதவரிடமும் செய்யலாம்.

நீங்கள் அனுப்பிய சீட்டின் நகலில், இரண்டு கண்களிலும் நான்கு மூலைகளிலும் புலம் முழுமையாக இருப்பதாக எழுதியிருக்கிறது. இந்த ஒரு குறிப்புக்காகவே அந்த மருத்துவருக்கு நான் நன்றி சொல்வேன். மூன்று வாரங்களுக்கு முன் புலம் சரியாக இருந்தது என்பதற்கு அது எழுத்துபூர்வமான சாட்சி. ஆகவே இப்போது இடது பக்கம் குறைந்திருந்தால் அது புதிது. புதிது என்பதுதான் என்னை அவசரப்படுத்தியது.

இடது கண்ணா, இடது பக்கமா?

“இடது கண்ணும் போய்விட்டதோ” என்று எழுதியிருக்கிறீர்கள். இடது பக்கம் தெரியவில்லை என்றால் இடது கண்ணில் கோளாறு என்றுதான் எல்லோரும் நினைப்போம். உடலின் அமைப்பு அப்படி இல்லை. இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்பிழைகள் மூளையின் அடியில் ஓரிடத்தில் கூடுகின்றன. ஒவ்வொரு கண்ணின் மூக்குப் பக்க இழைகளும் அங்கே எதிர்ப்பக்கம் தாண்டிப் போகின்றன. இதனால் இரண்டு கண்களும் பார்க்கும் இடது பாதி மூளையின் வலது பின்பகுதிக்கும், வலது பாதி இடது பின்பகுதிக்கும் போய்ச் சேர்கின்றன. வலது பின்மூளைக்கு ரத்தம் தடைப்பட்டால், இரண்டு கண்களிலும் ஒரே நேரத்தில் இடது பாதி மறையும். எந்தக் கண்ணை மூடினாலும் அது திரும்பாது. வலி இருக்காது. பலருக்குக் குறை இருப்பதே தெரியாது, நிலைக்கதவில் இடிப்பார்கள், தட்டின் இடது பக்கச் சோற்றை அப்படியே விடுவார்கள்.

உங்கள் கடிதத்தில் மாற்று விளக்கம் ஒன்று இருந்தது, அதையும் நேர்மையாக எடைபோட்டேன். இடது கண்ணைக் கட்டியிருக்கிறீர்கள். வெளி ஓரத்தில் சுமார் 30 பாகை அளவுள்ள பிறை போன்ற பகுதியை அந்தந்தப் பக்கத்துக் கண் மட்டுமே பார்க்கிறது. இடது கண்ணைக் கட்டினால் இடது ஓரப் பிறை போய்விடும், தோள் இடிக்கும். ஆனால் இரண்டு விவரங்கள் இதற்கு ஒத்துவரவில்லை. கட்டுப் போட்டது மூன்று வாரங்களுக்கு முன், இடிப்பதோ ஐந்து நாட்களாக. இன்னொன்று, கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் பேப்பர் படிக்கிறார். இரண்டு கண்களும் திறந்திருக்கும்போது வரியின் ஆரம்பம் தவறுகிறது என்றால் அதற்குக் கட்டு காரணமாக இருக்க முடியாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒருவரிடம் இப்படி நேர்ந்தால், வேறு காரணம் என்று நிரூபிக்கப்படும் வரை அதைப் பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாசகர்களுக்கும் இதைச் சொல்கிறேன். பக்கவாதம் என்றதும் வாய் கோணுவதும் கை கால் விழுவதும்தான் நினைவுக்கு வருகின்றன. திடீரென்று ஒரு பக்கப் பார்வை மறைவதும் பக்கவாதமே. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாகத் தொந்தரவு தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போடப்படுகிறது. கண்ணாடிக் கடைக்கோ அடுத்த வாரத்துக்கோ ஒத்திப்போடாமல் 108-ஐ அழையுங்கள். நாட்கள் கடந்துவிட்டாலும் போகத்தான் வேண்டும். அடுத்த பக்கவாதம் வரும் ஆபத்து முதல் சில நாட்களிலும் வாரங்களிலும்தான் அதிகம், அதைத் தடுக்க மருந்துகள் இருக்கின்றன.

பேனா காட்டிய உண்மை

இனி இரட்டைப் பார்வைக்கு வருகிறேன். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் தசைக்கு ஆறாவது மூளை நரம்பு, மேலே உள்ள சாய்தசைக்கு நான்காவது நரம்பு, மற்ற நான்குக்கும் மூன்றாவது நரம்பு. பேனாவை வலது ஓரம், அங்கிருந்து மேலே, கீழே, பிறகு இடது ஓரம், மேலே, கீழே என்று நகர்த்தும்போது ஆறு தசைகளும் ஒவ்வொன்றாகத் தனித்துச் சோதிக்கப்படுகின்றன. தலை அசையக் கூடாது, கண் மட்டும் பின்தொடர வேண்டும்.

வலது ஓரத்துக்குப் பார்க்கும்போது வலது கண்ணின் வெளி மூலையில் வெள்ளை தெரியாத அளவுக்குக் கருவிழி போய்ச் சேர வேண்டும். உங்கள் கணவருக்குப் போகவில்லை. சீட்டில் இருக்கும் “-3” அதைத்தான் குறிக்கிறது. பூஜ்யம் என்றால் முழு அசைவு, -4 என்றால் கண் நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை. அதைக் கண்ணாடி பவர் என்று நினைத்துக் கடைக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளை, கடைக்காரர் செய்து தரவில்லை. சீட்டில் இருக்கும் எண்ணுக்கு விளக்கம் சொல்லாமல் அனுப்புவது எங்கள் தரப்பின் குறை.

6/6 இருந்தும் ஏன் இரண்டாகத் தெரிகிறது என்பதற்கான விடையும் இதில் இருக்கிறது. கண் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெளிவாகப் பார்க்கிறது, இரண்டும் ஒரே திசையில் நிற்கவில்லை. அதனால்தான் மருத்துவர் ஒரு கண்ணை மூடிக் கேட்டார். எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டை மறைந்தால் கோளாறு அசைவில். ஒரு கண்ணை மூடிய பிறகும் திறந்திருக்கும் கண்ணில் இரண்டாகவே தெரிந்தால் அது கண்புரை, கருவிழி, பவர் போன்றவை சார்ந்தது, அவ்வளவு அவசரமும் இல்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எந்தப் பரிசோதனையும் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து.

டிவி பார்க்கும்போது முகத்தை வலது பக்கம் திருப்பிக்கொள்கிறார் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். அதைத் தடுக்காதீர்கள். முகம் வலப்பக்கம் திரும்பினால் கண்கள் இடப்பக்கம் போகும், சோர்ந்த தசைக்கு வேலை வராது, காட்சி ஒன்றாகும். உடல் தானாகக் கண்டுகொண்ட உபாயம் அது. கிட்டத்தில் படிக்கும்போது இரண்டாகத் தெரியாததும் இதே காரணத்தால்தான். கிட்டத்தில் பார்க்கக் கண்கள் உள்நோக்கித் திரும்பினால் போதும்.

எந்தக் கண்ணை மூடுவது?

உறவினர் சொன்னது சோம்பேறிக் கண் உள்ள குழந்தைகளுக்கான சிகிச்சை. அங்கே பழக வேண்டியது மூளை. இங்கே ரத்த ஓட்டம் குறைந்து வாடியிருப்பது நரம்பு. நல்ல கண்ணை மூடுவதால் அது விரைவில் தேறாது. மாறாக, சோர்ந்த கண்ணால் மட்டும் பார்க்கும்போது பொருள் இருக்கும் இடம் தவறாகத் தோன்றும். டம்ளரை எடுக்கப் போன கை வலது பக்கம் தள்ளிப் போகும். வலது கண்ணை மூடுங்கள், அல்லது கண்ணாடியின் வலது சில்லில், வெளிச்சம் மட்டும் கசிந்து உருவம் தெரியாத மங்கலான டேப்பை ஒட்டுங்கள். கோணம் நிலைத்த பிறகு, கண்ணாடியில் ஒட்டக்கூடிய, ஒளியை வளைத்து இரண்டு காட்சிகளையும் ஒன்றாக்கும் மெல்லிய பிரிஸம் தாளும் உதவலாம். கட்டோடு மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளட்டும், ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் சரியாகப் பிடிபடாது.

எம்ஆர்ஐ முதல் நாளே எடுத்திருக்க வேண்டுமா?

இதில் மருத்துவர்களுக்குள்ளேயே இரண்டு வழக்கங்கள் உண்டு. 50 வயதைத் தாண்டிய, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ள ஒருவருக்கு ஆறாவது நரம்பு மட்டும் தனியாகச் சோர்ந்திருந்து, வேறு எதுவும் இல்லையென்றால், சில வாரங்கள் கவனித்துப் பார்க்கலாம் என்பது பலரின் முறை. பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் சரியாகிறது. எல்லோருக்கும் ஸ்கேன் எடுப்போம் என்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மருத்துவர் காத்திருக்கச் சொன்னதில் தவறில்லை. டார்ச் அடித்துக் கண்பாவைகள் சமமாகச் சுருங்குகின்றனவா, இமை தொங்குகிறதா, பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்றெல்லாம் பார்த்து எழுதிவிட்டுத்தான் அவர் அந்த முடிவுக்கு வந்திருக்கிறார்.

ஆனால் அந்த முடிவு “வேறு எதுவும் இல்லை” என்ற நிபந்தனையில் நிற்கிறது. கீழே உள்ளவற்றில் ஒன்று சேர்ந்தாலும் காத்திருப்பு முடிந்துவிடுகிறது:

- இமை தொங்குவது, ஒரு கண்பாவை விரிந்து நிற்பது. கடும் தலைவலியோடு வந்தால் மூளை ரத்தக் குழாய்ப் புடைப்பாக இருக்கலாம். அன்றே போக வேண்டும்.
- பார்வைப் புலம் குறைவது, பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது.
- வாந்தியோடு கூடிய தலைவலி, காய்ச்சல், கழுத்து விறைப்பு. நம் நாட்டில் காசநோய் மூளையுறையைத் தாக்கும்போது ஆறாவது நரம்பு அடிக்கடி பாதிக்கப்படுகிறது.
- 50 வயதுக்கு மேல், நெற்றிப்பொட்டில் தொட்டால் வலி, மெல்லும்போது தாடை வலி. ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம், விட்டால் பார்வையே போகும்.
- காலையில் சரியாக இருந்து மாலையில் மோசமாவது. இது தசைச் சோர்வு நோயின் குணம், சோதனைகளே வேறு.
- மூன்று மாதமாகியும் முன்னேற்றமே இல்லாதது.

உங்கள் கணவர் இரண்டாவதில் வந்துவிட்டார். மூளைத்தண்டுக்கும் பின்மூளைக்கும் ரத்தம் தருவது பெரும்பாலும் ஒரே தொகுதியைச் சேர்ந்த குழாய்கள். ஆறாவது நரம்பின் சோர்வும் இடது புலக் குறைவும் அடுத்தடுத்து வந்ததை வெறும் தற்செயல் என்று விட முடியாது. ஆகவே இப்போது அண்ணன் மகன் சொல்வது சரி, எம்ஆர்ஐ தேவை. கூடவே கழுத்து, மூளை ரத்தக் குழாய்களின் படமும், இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று அறிய ஈசிஜியும் வேண்டும். இந்தச் சந்தேகத்தை ஸ்கேன் எழுதித் தரும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்த இடத்தைத் தேட வேண்டும் என்று தெரிந்து எடுக்கும் படத்துக்கும் பொதுவாக எடுக்கும் படத்துக்கும் வித்தியாசம் உண்டு.

டிப்போவும் வேலையும்

மறைக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. இரட்டைப் பார்வை மறைந்தாலும், இடது பாதிப் புலம் இல்லாத ஓட்டுநருக்கு இடப்பக்கத்திலிருந்து சாலைக்குள் இறங்கும் சைக்கிளும் குழந்தையும் தெரிய மாட்டார்கள். பலகையில் 6/6 படித்துவிட்டேன் என்பது வண்டி ஓட்டத் தகுதி ஆகாது. கருவியில் இரண்டு கண்களுக்கும் புலச் சோதனை செய்து, அதைக் கண் மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் பார்த்து எழுத்தில் தரும் வரை அவர் பஸ்ஸையும் தொடக் கூடாது, வீட்டு பைக்கையும் தொடக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதே நேரத்தில், சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்துக்கும் முழு ஆதாரம் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 20(4) பிரிவு, பணிக்காலத்தில் ஊனம் அடைந்த ஊழியரை அரசு நிறுவனம் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. செய்துவரும் வேலைக்குத் தகுதியற்றவரானால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும், அப்படி இடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். அரசுக்குச் சொந்தமான போக்குவரத்துக் கழகங்களும் இதில் அடங்கும். அவருடைய நிலை இந்தச் சட்டத்துக்குள் வருமா என்பது குறை நிலைக்கிறதா, சான்றிதழில் என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது. ஆறாவது நரம்புச் சோர்வு தற்காலிகமானது, அதற்கு மருத்துவ விடுப்பு போதும். புலக் குறை வேறு. அது முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும் ஓரளவு திரும்பக்கூடும் என்பதால், இறுதித் தகுதிச் சான்றிதழுக்கு அவசரப்பட வேண்டாம். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன், குறிப்பாக விருப்ப ஓய்வுக் கடிதத்தில், தொழிற்சங்கத்தின் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இந்தப் பகுதியில் என்னைவிட அவருக்கே அதிகம் தெரியும்.

அதற்கு உங்களிடம் இருக்க வேண்டிய ஆவணங்கள்: முதல் கண் மருத்துவரின் சீட்டின் அசல், மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கம், ஸ்கேன் அறிக்கையும் படங்களும், ஃபீல்டு டெஸ்ட் தாள்கள் தேதியோடு. மருத்துவப் பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. தயங்காமல் எழுதிக் கேளுங்கள். முதல் மருத்துவரிடமும் ஒரு மாதத்தில் வரச் சொன்னபடி மறக்காமல் போங்கள். அன்றைக்கு -3 என்று அளந்தவரே திரும்ப அளந்தால்தான் கண் எவ்வளவு தேறியிருக்கிறது என்பது சரியாகத் தெரியும்.